ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்த மாணவர்கள் முதலாண்டிலேயே திரும்பி வருவது ஏன்?

பதிவு 1 | கணக்காசிரியர்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித முதுகலை ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் பள்ளியிலிருந்து நான்கு பேர், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில், பொறியியல் கல்லூரிகளில் சேர்ந்தார்கள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது என்பதால் பெற்றோர் ஒருவரும் கடன் வாங்க வேண்டியிருக்காது என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் சொன்னவன் நான்தான்.

அந்த நால்வரில் ஒருவன் தீபாவளி விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இப்போது பேருந்து நிலையத்தை ஒட்டிய செல்போன் கடையில் வேலை செய்கிறான். இன்னொருத்திக்கு முதல் பருவத்தில் நான்கு அரியர். நான் அழைத்தால் எடுப்பதில்லை. மற்ற இருவரும் படிக்கிறார்கள், ஆனால் நன்றாகப் படிக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்தவன் கணக்கில் நூற்றுக்கு 91 வாங்கியவன். கட்-ஆஃப் 200க்கு 161. கல்லூரியில் இருக்கும் அசல் சான்றிதழ்களை வாங்கித் தர முடியுமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தான். ஏன் போகவில்லை என்று கேட்டபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சார், முதல் நாள் லேப்ல எல்லாரும் டைப் பண்ண ஆரம்பிச்சாங்க. எனக்குச் சிஸ்டத்தை எப்படி ஆன் பண்றதுன்னு தெரியல. பக்கத்துல கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றான். இதற்காகவா ஒருவன் பட்டப்படிப்பை விடுவான் என்று எனக்கு அன்று கோபம்தான் வந்தது. அந்த ஒன்றை மட்டும் அவனால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது, மற்றவை சொல்ல முடியாதவை என்று பின்னால்தான் உறைத்தது.

குறை திட்டத்திலா, கல்லூரியிலா, எங்களிடமா? யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. நேரில் அறிந்தவர்கள் அறிந்ததை எழுதினால், வரும் ஆண்டு போகவிருக்கும் பிள்ளைகளுக்காவது பயன்படும்.

பதிவு 2 | பழைய வழக்கறிஞர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். படிப்பை விட்டு விலகும் மாணவனின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி நிறுத்திவைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. பையன் கைப்பட ஒரு விண்ணப்பம் எழுதிப் பதிவுத் தபாலில் முதல்வருக்கு அனுப்பட்டும். நகலைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் அனுப்பட்டும். பெரும்பாலும் அந்த நகலே வேலையை முடித்துவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தத் திட்டம் எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்தால் அது எங்கே நின்றுபோகிறது என்பதும் தெரியும். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 1984இல் வந்தது. அதனால் கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற குறை எழுந்தபோது ஊரகப் பள்ளி மாணவர்களுக்கு 15 சதவீதம் என்று தனி ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். அது 25 ஆக உயர்த்தப்பட்டு, 2001இல் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. ஊர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒதுக்கீடு நிற்காது என்பது அன்று கிடைத்த பாடம். 2007இல் நுழைவுத் தேர்வே சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. 2010-11இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. பிறகு நீட் வந்தது. மாநில அரசுப் பள்ளியில் படித்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

அதன் பிறகுதான் நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் அமைக்கப்பட்டது. அவர் 10 சதவீதம் பரிந்துரைத்தார்; அரசு 7.5 என்று முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் பேரவையில் நிறைவேறிய மசோதா ஆளுநரின் மேசையில் காத்திருக்க, அக்டோபர் 29 அன்று அரசு ஆணையாகவே அதை வெளியிட்டார்கள். மறுநாள் ஆளுநர் ஒப்புதல் தந்தார். அந்த ஆண்டே ஏறத்தாழ 400 பேருக்கு மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் கிடைத்தன. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு நீதிபதி முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2021 ஆகஸ்டில் தனிச் சட்டம் வந்தது. மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுகளுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

இதில் ஆசிரியர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவத்தில் முதல் ஆண்டு, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் பணம் கட்ட வழியில்லாமல் ஒதுக்கீட்டு ஆணையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த அனுபவத்தால், பொறியியலுக்கு 2021 செப்டம்பர் 20 அன்று சேர்க்கை ஆணை வழங்கிய விழாவிலேயே முதலமைச்சர் கட்டணங்களை அரசு ஏற்பதாக அறிவித்தார். அதாவது இடம் முதலில் வந்தது, பணம் அடுத்து வந்தது. மூன்றாவதாக வர வேண்டியது இன்னும் வரவில்லை. இரண்டு சட்டங்களின் பெயரிலும் இருக்கும் சொல் 'சேர்க்கை' என்பதுதான். சேர்ந்த பிறகு அந்த மாணவன் யாருடைய பொறுப்பு என்று அவற்றில் எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

பதிவு 3 | கட்-ஆஃப் 190

மாற்றுக் கருத்துச் சொல்வதற்கு மன்னிக்கவும். என் மகன் 190 கட்-ஆஃப் வைத்திருந்தும் விரும்பிய கல்லூரியில் விரும்பிய பாடப்பிரிவு கிடைக்கவில்லை. அதே கல்லூரியில் அதே பிரிவில் 160க்கு ஒருவருக்கு இடம் கிடைக்கிறது, அவர் மூன்று மாதத்தில் விட்டுவிட்டுப் போகிறார் என்றால், அந்த இருக்கை நான்காண்டும் காலியாகத்தான் இருக்கும். பாடத்தைத் தாங்கும் தகுதி இல்லாதவரைச் சேர்ப்பது அவருக்கே செய்யும் தீங்கு இல்லையா? இதைக் கேட்டால் ஏழைகளுக்கு எதிரி என்கிறார்கள். எங்கள் வீடும் தனியார் நிறுவனத்தில் எழுத்தர் சம்பளத்தில் ஓடும் வீடுதான்.

பதிவு 4 | முதலாண்டு விரிவுரையாளர்

கோவைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கிறேன். கட்-ஆஃப் 190 நண்பரின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் தகுதி என்று அவர் சொல்வதை நான் தினமும் கரும்பலகைக்கு முன்னால் பார்ப்பவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், முதல் பருவத்தில் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்று ஒரு தாள் உண்டு. சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு மாணவியைப் பலகைக்கு அழைத்து, ஒரு மேட்ரிக்ஸை எழுதி, அதன் 'ரேங்க்' என்ன என்று கேட்டேன். சாக்பீஸைக் கையில் பிடித்தபடி நின்றாள். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். நான் அவளை உட்காரச் சொல்லப் போனவன், ஏதோ தோன்றி, "அணியின் தரம் காண வேண்டும், அம்மா" என்றேன். அடுத்த நொடியே நிரைச் செயலிகளைப் போடத் தொடங்கி, மூன்று வரியில் முடித்து, விடையின் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டுத்தான் திரும்பினாள். அவளுக்குக் கணக்கு தெரியும். கணக்கின் பெயர்தான் தெரியாது. வகைக்கெழு, தொகையீடு, அணிக்கோவை, நேர்மாறு என்று ஏழாண்டு தமிழில் படித்தவளிடம் ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாப் பெயர்களையும் மாற்றிவைத்துவிட்டு, அவளுக்குத் தகுதி இல்லை என்கிறோம்.

அன்றிரவு உட்கார்ந்து இரண்டு பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் தயாரித்தேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம், 140 சொற்கள். கணக்கில் சிரமப்பட்டவர்களில் பலர் ஒரு மாதத்தில் நிமிர்ந்துவிட்டார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டேன்.

பைத்தான் நிரலாக்கம் வேறு கதை. உயிரியல்-கணிதப் பிரிவில் வந்தவர்களில் சிலர் விசைப்பலகையைத் தொட்டதே இல்லை. ஆசிரியரின் பையன் சொன்னது முழுக்க உண்மை. அவர்கள் நடுவே, பள்ளியிலேயே நிரல் எழுதிப் பழகியவனும் அதே வகுப்பில் இருப்பான். ஆசிரியரோ இருவருக்கும் நடுவில் எங்கோ ஒரு வேகத்தில் போவார். ஐம்பது நிமிடத்தில் அதற்கு மேல் அவராலும் முடியாது.

கல்லூரிகள் தொடக்கத்தில் சில வாரம் அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. நடத்துகிறோம். வளாகச் சுற்றுலா, யோகா, விருந்தினர் உரை என்று அது கழிந்துவிடுகிறது. கடைசிச் சுற்றிலும் துணைக் கலந்தாய்விலும் இடம் பெறுகிறவர்கள் அதற்கும் பின்னால்தான் வந்து சேருகிறார்கள். அவர்களுக்கு முதல் நாளே மூன்றாவது அலகு நடக்கும்.

கட்-ஆஃப் 190 நண்பருக்கு ஒரு சொல். இந்த ஒதுக்கீடு கிடைமட்டமானது. சாதிவாரி 69 சதவீத இட ஒதுக்கீட்டிலும் பொதுப் பிரிவிலும் அந்தந்த வகுப்புக்குள்ளேயே 7.5 பங்கு எடுக்கப்படுகிறது. மீதி 92.5 பங்கில் உங்கள் மகனுக்கு மேலே நின்றவர்கள் அவரைவிட அதிகம் வாங்கியவர்கள்தான். என் வகுப்பில் 185க்கு மேல் வாங்கிவந்து, பயிற்சி மையம் கைப்பிடிக்காததால் முதல் பருவத்திலேயே தடுக்கி விழுந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விழுந்தால் வீட்டில் தனிப்பயிற்சி வைக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை விழுந்தால் செல்போன் கடை.

பதிவு 5 | தர்மபுரிக்காரி

நான் 2021இல் இந்த ஒதுக்கீட்டின் முதல் அணியில் மின்னணுவியல் பிரிவில் சேர்ந்தவள். 2025இல் முடித்தேன், இப்போது சென்னையில் வேலை. ஒருமுறை பாதியில் விட்டுவிடலாம் என்று பெட்டியைக் கட்டியவள்தான் நானும்.

எல்லாம் இலவசம் என்று ஊரில் சொன்னார்கள். விடுதி வாசலில் 15,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கேட்டார்கள். அரசு கொடுத்ததும் திருப்பித் தருவோம் என்றார்கள், எழுதிக் கொடுக்கவில்லை. அப்பா வாயிலேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா மகளிர் குழுவில் எடுத்து, குழுத் தலைவியின் மகன் கணக்கிலிருந்து அனுப்பினார். அதற்கு மாதாமாதம் தவணை. அந்தப் பணம் எனக்கு மூன்றாம் ஆண்டில், நான்கு முறை எழுதிக் கொடுத்த பிறகு, திரும்பி வந்தது. கல்லூரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

இலவசத்தில் அடங்காதவை என்னென்ன என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிராஃப்டர், சயின்டிஃபிக் கால்குலேட்டர், லேப் கோட், ஷூ, ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ரெக்கார்டு நோட்டு, அச்செடுக்கும் செலவு, ஊருக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம். அரியர் விழுந்தால் மறுதேர்வுக் கட்டணம் நம் கையிலிருந்து. இவற்றில் எதுவுமே பெரிய தொகை இல்லை. பெரிய தொகை இல்லை என்பதாலேயே வீட்டில் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் இருந்தால் அந்த வகுப்புக்கே போகாமல் இருக்கத் தோன்றும். ரெக்கார்டு நோட்டு இல்லாத நாளில் எனக்குத் தலைவலி என்று விடுதியிலேயே படுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் வந்து, மாதம் 1,000 ரூபாய் என் கணக்கிலேயே விழத் தொடங்கிய பிறகு தலைவலி வரவில்லை.

பணத்தைவிடக் கசந்தது ஒன்று உண்டு. அலுவலகத்திலிருந்து பட்டியல் சரிபார்க்க ஒருவர் வகுப்புக்கே வந்து, "ஏழரை எல்லாம் எழுந்திருங்க" என்பார். ஆறு பேர் எழுந்து நிற்போம். அதற்குப் பிறகு நண்பர்கள் எங்களைச் சனி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். விளையாட்டாகத்தான். நானும் சிரித்தேன். அந்தப் பெயர் நான்காண்டும் கூடவே வந்தது.

பெட்டி கட்டியது முதல் பருவத் தேர்வு முடிவு வந்த அன்று. மூன்றில் தோல்வி. எதிர் அறையில் இருந்த மூன்றாம் ஆண்டு அக்கா வந்து, "எனக்கு ஃபர்ஸ்ட் செம்ல அஞ்சு" என்றார். அதன் பிறகு இரவுச் சாப்பாடு முடிந்ததும் எட்டு மணி முதல் பத்து மணி வரை அவருடைய மடிக்கணினியில் பைத்தான். அவர் அரசுப் பள்ளி இல்லை, ஒதுக்கீடும் இல்லை. அவர் இல்லாத விடுதியில் நான் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பதிவு 6 | கணக்குப் பிரிவு

சுயநிதிக் கல்லூரி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருப்பவன். தர்மபுரிச் சகோதரிக்கு நடந்தது தவறு. அதை நியாயப்படுத்த வரவில்லை, எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒதுக்கீட்டு மாணவர்களின் பட்டியலை நாங்கள் அனுப்பி, அது சரிபார்க்கப்பட்டு, தொகை ஒட்டுமொத்தமாக வந்து சேரும். எங்கள் கல்லூரியில் அது ஒருமுறைகூட பருவம் முடிவதற்குள் வந்ததில்லை. கல்விக் கட்டணம் தாமதமானால் நிர்வாகம் பொறுத்துக்கொள்ளும். மெஸ் ஒப்பந்ததாரர் பொறுக்க மாட்டார்; அரிசிக் கடைக்காரர் அவரை விட மாட்டார். ஆகவே விடுதிக் காப்பாளர் யார் தலையிலாவது அந்தச் சுமையை இறக்கப் பார்க்கிறார். அரசாங்கத்திடம் கேட்க முடியாததை அப்பாவிடம் கேட்கிறார்.

பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது: ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். ரசீதில் 'முன்வைப்பு' என்றா, 'விடுதிக் கட்டணம்' என்றா, 'பயிற்சிக் கட்டணம்' என்றா எழுதியிருக்கிறது என்று அங்கேயே படித்துப் பாருங்கள். அரசு ஏற்கும் கட்டணத்தை மாணவரிடம் வசூலிக்கக் கூடாது. ரசீது எழுதச் சொன்னாலே பாதிக் கேட்புகள் மறைந்துபோவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொடுத்து வையுங்கள். ஆனால் ஒரே கட்டணத்துக்கு இரண்டு சலுகை சேர்ந்து வராது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பதிவு 7 | பஃபலோ பனி

இந்த இழையைப் படித்தபோது எனக்குப் பழைய நினைவு ஒன்று எழுந்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில், வாரத்தில் இரண்டு மாலை, 'கல்வி வாய்ப்புத் திட்டம்' என்பதன் கீழ் சேர்ந்த மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தேன். அங்கே அதை ஈ.ஓ.பி. என்பார்கள்.

அது 1967இல் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1960களின் நடுவில், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சிட்டி காலேஜில் 'சீக்' என்ற திட்டம் வந்துவிட்டது. அதற்கான சட்டத்துக்கு மாநிலப் பேரவையில் பாடுபட்டவர்களில் ஒருவர் ஷெர்லி சிஸோம், பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். தனியார் கல்லூரிகளுக்கான இணைத் திட்டம் 1969இல் பேரவை உறுப்பினர் ஆர்தர் ஈவ் முயற்சியில் வந்தது. குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும்; வழக்கமான சேர்க்கை அளவுகோலில் இடம் கிடைக்காதவராகவும், ஆனால் படித்து முடிக்கும் திறன் உள்ளவராகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். உள்ளே வருகிறவர் தயாராக இல்லை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அந்த இடத்திலிருந்துதான் திட்டமே தொடங்குகிறது.

ஆகவே பணம் அதில் ஒரு பகுதி மட்டும். முதலாண்டு தொடங்குவதற்கு முன், கோடையில் சில வாரங்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்க வேண்டும். எழுத்து, கணக்கு, நூலகம், விடுதி வாழ்க்கை எல்லாம் அப்போதே பழகிவிடும். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஓர் ஆலோசகர் உண்டு. எங்கள் வளாகத்தில் அவருடைய ஒப்புதல் இல்லாமல் அந்த மாணவர் அடுத்த பருவத்துக்குப் பாடங்களைப் பதிவு செய்ய முடியாது. நான்காண்டுப் படிப்புக்குப் பத்துப் பருவம் வரை உதவி நீளும், அதாவது ஒரு வருடம் தடுமாறினாலும் கணக்கில் இடம் வைத்திருக்கிறார்கள்.

விரிவுரையாளர் ஐயாவின் சொற்பட்டியலைப் படித்தபோது மீனா ஷாக்னஸி என்ற ஆசிரியை நினைவுக்கு வந்தார். சிட்டி காலேஜில் அந்த மாணவர்களுக்கு எழுதக் கற்பித்தவர். ஏறத்தாழ 4,000 நுழைவுக் கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, பிழை என்று மற்றவர்கள் சிவப்பு மை பூசியவற்றை வரிவரியாக ஆராய்ந்து, அந்தப் பிழைகள் கவனக்குறைவால் வந்தவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு தர்க்கம் இருக்கிறது என்று காட்டினார்.

குறையே இல்லாத திட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கோடை வகுப்பால் கோடை வேலைச் சம்பளம் போகிறதே என்று புலம்பாத மாணவர் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நிதியில் கை வைத்துவிடுவார்களோ என்று, பிப்ரவரிக் குளிரில் பேருந்து ஏறித் தலைநகர் ஆல்பனிக்குப் போய் உறுப்பினர்களைச் சந்திப்பார்கள். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். கையுறை கொண்டுபோக மறந்துவிட்டேன், அது வேறு கதை.

பதிவு 8 | கட்-ஆஃப் 190

விரிவுரையாளர் எழுதிய 'அணியின் தரம்' என்னை யோசிக்க வைத்தது. தகுதி பற்றிச் சொன்னதை அந்த அளவுக்குத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பஃபலோ நண்பர் சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி. அங்கே குடும்ப வருமானம் அளவுகோல். இங்கே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியில் படித்தார் என்பது அளவுகோல். அரசு ஊழியரின் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் இடம் உண்டு. சுமை தூக்குபவரின் பிள்ளை, வீட்டருகே இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் இல்லை. இது எப்படிப் பொருளாதாரத்தில் நலிந்தவருக்கான திட்டம் ஆகும்?

பதிவு 9 | பழைய வழக்கறிஞர்

நல்ல கேள்வி. வருமானச் சான்றிதழ் எப்படி வாங்கப்படுகிறது என்பது இ-சேவை மையத்தில் வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஏழாண்டு அரசுப் பள்ளிப் படிப்பை அப்படி வாங்க முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கும். வசதியுள்ள வீடுகள் இந்த ஒதுக்கீட்டுக்காகப் பிள்ளையை ஆறாம் வகுப்பிலேயே மாநகராட்சிப் பள்ளிக்கோ கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கோ அனுப்பத் தொடங்கினால், அதைவிட அரசுப் பள்ளிக்கு வேறு நன்மை வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களையும் மருத்துவச் சட்டம் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

உதவி பெறும் பள்ளிகள் விடுபட்டது உண்மையான குறை. புதுமைப் பெண் திட்டம் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் விரிவாகிவிட்டது. ஒதுக்கீடு விரியவில்லை. இந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

பதிவு 10 | தறிக்காரர்

என் மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. நாங்கள் குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறோம். இங்கே எழுதிய எல்லோருக்கும் நன்றி. எங்களுக்கு முதல் பயம் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான். என் அண்ணன் மகனுக்கு விருப்பப் பட்டியலைப் போட்டது பிரௌசிங் சென்டர் பையன். வரிசை எண்ணில் முன்னால் இருந்தும், வேன் வைத்து அழைத்துப்போய்க் காட்டிய கல்லூரியை முதலில் போட்டுவிட்டான். அது எங்கள் ஊரிலிருந்து ஆறு மணி நேரம். இதை யாரிடம் கேட்பது?

பதிவு 11 | முதலாண்டு விரிவுரையாளர்

தறிக்காரர் ஐயா, வேன் அனுப்பும் கல்லூரியைப் பட்டியலின் கடைசியில்கூடப் போட வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி விழுக்காட்டையும் அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடுகிறது. பாடப்பிரிவின் பெயரில் மயங்காமல் அதை முதலில் பாருங்கள். மதிப்பெண் இருந்தால் அரசுக் கல்லூரிகளை மேலே வையுங்கள்; முன்வைப்புத் தொகைத் தொல்லை அங்கே குறைவு. விருப்பப் பட்டியலை உங்கள் மகளே தன் கையால் பதிவு செய்யட்டும், கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

கணக்காசிரியர் ஐயாவுக்கு: பையன் ஒரு பருவம்தான் விட்டிருக்கிறான் என்றால் கதவு மூடிவிடவில்லை. விட்ட பருவத்திலிருந்து அடுத்த அணியோடு மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அசல் சான்றிதழ்களை வாங்குவதற்கு முன், கடிதம் அனுப்புவதற்கு முன், இதைக் கேட்டுவிடுங்கள். வாங்கிவிட்டால் அது விலகல் ஆகிவிடும்.

பதிவு 12 | கணக்காசிரியர்

நேற்று மாலை செல்போன் கடைக்குப் போனேன். மறுசேர்க்கையைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்றபடி ஒரு போனுக்குத் திரைத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தான். குமிழி வராமல் ஒட்டி முடிக்கும் வரை பதில் சொல்லவில்லை. பிறகு, "லேப்ல மறுபடி அதேதானே சார்" என்றான். அது நியாயமான கேள்வி என்று பட்டது.

எங்கள் பள்ளியில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. பொதுத் தேர்வு முடிந்த பிறகு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பூட்டியே கிடக்கும். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், சாவியும் மின்கட்டணமும் பிரச்சினை இல்லை, பொறுப்பு உங்களுடையது என்று எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். வாரம் மூன்று நாள், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. கணினியை இயக்குவதில் தொடங்கிப் பைத்தானில் சிறு நிரல்கள் வரை, கூடவே கணித, இயற்பியல் சொற்கள். பக்கத்து மூன்று பள்ளிகளிலிருந்தும் வரலாம். கடைக்காரரிடம் அவனுக்குக் காலை நேரம் கேட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அரியர் வைத்திருக்கும் பெண்ணுக்கு இந்த இழையின் ஐந்தாம் பதிவை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. இன்று காலை அழைத்தாள்.

விரிவுரையாளர் ஐயா, அந்த 140 சொற்களின் பட்டியலை அனுப்ப முடியுமா?

பதிவு 13 | முதலாண்டு விரிவுரையாளர்

இன்றிரவு தனிச்செய்தியில் அனுப்புகிறேன். 'எல்லை' என்ற சொல்லுக்கு எதிரே ஒரு அச்சுப்பிழை இருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள்.

பதிவு 14 | தர்மபுரிக்காரி

இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. சென்னையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தால் ஒன்பதரைக்குள் வந்துவிடலாம் என்று நினைக்கிறேன், பைத்தானை நான் எடுத்துக்கொள்கிறேன். டிராஃப்டர் ஒன்றும் கால்குலேட்டர் ஒன்றும் என்னிடம் சும்மா கிடக்கின்றன. யாருக்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள், ஐயா. கால்குலேட்டரில் சமக்குறிப் பொத்தானைக் கொஞ்சம் அழுத்தி அமுக்க வேண்டும்.